பங்குனியில் எடுத்த தண்ணீர்

அந்தப் படிவத்தில் ஏரியின் பெயருக்கு நேராக நான் எழுதியது இரண்டே வார்த்தை: "நீர் இல்லை."

பங்குனி மாதம், காலை பதினொரு மணி. ஏரிக்குள் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து மாநிலத்தில் ஒரு விமான நிலையம், ஓடுபாதையை நீட்டிக்கச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டிருந்தது. அதற்கான ஆய்வில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை, ஓசூரில் நான் இருந்த தனியார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பேரிகைப் பக்கம் பிறந்தவள், தெலுங்கு பேசுவேன் என்பதால் என்னை அனுப்பினார்கள். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், இப்போது வந்து என்ன பார்க்கப் போகிறாய், ஐப்பசியில் வா, இந்த மதகுக்கு மேல் தண்ணீர் நிற்கும் என்றார். தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டி ஏறிவிட்டேன். அவர் சொன்னதை எழுதப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லை. ஆனால் கடைசியில் "குறிப்பு" என்று நாலு வரிக்கு இடம் இருந்தது. அதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பத்து மாதம் கழித்து அறிக்கையைப் பார்த்தேன். திட்டப் பகுதிக்குள் ஆண்டு முழுவதும் நீர் இருக்கும் நீர்நிலை எதுவும் இல்லை என்று ஒரு வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஏரியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏரி, அதற்கு வரும் ஓடைகள், கீழே அதன் தண்ணீரில் பாசனமாகும் ஆயக்கட்டு நிலம் எல்லாமே மறைந்துவிட்டன. அதற்கு அடிப்படை என் கையெழுத்து.

பதினொரு வருஷம் அந்த வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது குடைமிளகாய் போடுகிறோம். 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று 110-வது விதியின் கீழ் அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நிலத்தின் விலையைப் பற்றித்தான் பேச்சு. என் பெரியப்பா மட்டும் வீட்டுக்கு வந்து வேறு ஒன்று கேட்டார். "பாப்பா, நம்ம ஏரிக்கு மேக்கால இருந்து மூணு ஓடை வருது. அதுல ஒண்ணு அடைபட்டாக்கூட ஏரி நெறஞ்சு வழிஞ்சு கோடி போகாது. இதை யாருகிட்ட, எப்பச் சொல்லணும்?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விமான நிலையம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் தம்பி மகன் விமானப் பராமரிப்புப் படிக்கிறான், அவனுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். தண்ணீர் விஷயத்தில் நேரம் தவறினால் திருத்தவே முடியாது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் விமான நிலையம் 7(அ) என்ற இனத்தில் வருகிறது. திட்டக்காரர் முதலில் விண்ணப்பிப்பார். நிபுணர் குழு, எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் தரும். அதை வைத்து ஆலோசனை நிறுவனம் களத்துக்கு வரும். வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக் கேட்பு, இறுதி அறிக்கை, மறுபடி நிபுணர் குழு, அப்புறம் அனுமதி. ஊர்க்காரர்கள் விழித்துக்கொள்வது பெரும்பாலும் கருத்துக் கேட்பின்போது. அதற்குள் தண்ணீரைப் பற்றிய அத்தியாயம் எழுதி முடிந்திருக்கும்.

அந்த அத்தியாயத்துக்கான மாதிரிகள் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, நடைமுறையே அப்படி. காற்றில் உள்ள தூசியை அளக்கக் கோடை பொருத்தமான காலம். தண்ணீரின் தரத்துக்கும் பரவாயில்லை, நீர் குறையும்போது உப்பும் மாசும் செறிந்து தெரியும். ஆனால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது என்பது பங்குனியில் தெரியாது. எங்கள் மாவட்டத்து ஓடைகள் ஆவணி தொடங்கி ஐப்பசி வரைதான் ஓடைகளாக இருக்கும். மற்ற மாதங்களில் அவை மாட்டுப் பாதை.

விமான நிலையத்துக்கு இந்த வழி ஏன் முக்கியம் என்று பெரியப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3,000 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் உள்ள ஓடுபாதையில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 67 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 560 லாரிக்கு மேல். 2,000 ஏக்கருக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 40 கோடி லிட்டர். இன்றைக்கு அந்த மழை செம்மண்ணில் ஒரு பகுதி இறங்கி, வரப்புக்கு வரப்பு தங்கி, மெதுவாக ஓடைக்கு வருகிறது. தார், கான்கிரீட் போட்ட இடத்தில் விழுந்தால் அப்படியே ஓடும். விமானம் இறங்க நிலம் சமமாக இருக்க வேண்டும் என்பதால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை மூடுவார்கள், மூன்று ஓடையாகப் பிரிந்து வந்த தண்ணீர் மதில் ஓரம் ஒரே வாய்க்காலில் சேரும். நான் வேலை பார்த்த அந்த இடத்தில் இதுதான் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வாய்க்கால் வெளியே வரும் இடத்தில் ஒருவருடைய கேழ்வரகுக் கொல்லை இடுப்பளவு அரித்துப் போயிருந்தது. இரண்டு பர்லாங் தள்ளி ஏரி பாதிகூட நிரம்பாமல் கிடந்தது. கரையில் பார்த்த பெரியவரைத் தேடினேன், அவர் இல்லை.

சரி, பெரியப்பாவும் நானும் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் பார்த்து, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று பதிவான சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். மூன்று ஓடைகளில் இரண்டு பதிவேட்டில் இருந்தன. மூன்றாவது இல்லை, பட்டா நிலங்களின் வழியாக வருகிறது. ஆனால் ஏரிக்கு அதிகத் தண்ணீர் கொண்டுவருவது அதுதான். பதிவேட்டில் இல்லாததை அறிக்கை எழுதுகிறவர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார், நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அதனால் அந்த ஓடையை மழை நாளில் கைபேசியில் படம் எடுத்தோம். ஒரே இடத்தில் நின்று, பின்னால் மின்கம்பமோ கோயிலோ தெரிகிற மாதிரி, தேதியோடு. கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் படங்களும் கிடைக்கின்றன. மழைக்காலத்தில் எடுத்தவற்றைத் தேடினால் ஏரி நிறைந்த தடமும் ஓடையின் கோடும் தெளிவாகத் தெரிகின்றன. ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம்.

அப்புறம் கிணறு. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் அளப்பது லேசு இல்லை, அதற்குக் கருவி வேண்டும். எங்கள் தெருவில் இன்னும் மூடாமல் இருக்கும் இரண்டு திறந்த கிணறுகளை எடுத்துக்கொண்டோம். அமாவாசைக்கு அமாவாசை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய டேப்பை இறக்கி அளவு எழுதுவது பெரியப்பாவின் வேலை. கிணற்று விளிம்பில் எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதற்குப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடு ரொம்ப முக்கியம். ஒரு மாதம் மேட்டிலிருந்தும் அடுத்த மாதம் பள்ளத்திலிருந்தும் அளந்தால் நோட்டுக்கு மதிப்பே இல்லை.

தண்ணீரின் தரத்துக்குப் பரிசோதனை வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். பின்னால் வழக்கு என்று வந்தால் நிற்க வேண்டும் என்றால் என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். எங்கே கொடுத்தாலும், மாதிரி எடுத்த விதம் சரியில்லை என்றால் முடிவும் சரியிருக்காது. குழாயைத் திறந்ததும் பிடிக்கக் கூடாது, குழாய்க்குள் தேங்கிய பழைய தண்ணீர் போகப் பத்து நிமிஷமாவது மோட்டார் ஓட வேண்டும். சாதாரணப் பரிசோதனைக்குரிய கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை அலசவே கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எண்ணெய்க்கு வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் எண்ணெய் மாதிரியைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்துவிட்டேன். எண்ணெய் கேனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகவே வரும். மூத்தவர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகு மறுநாள் திரும்பப் போய் எல்லா இடத்திலும் மறுபடி எடுத்தோம். விமான நிலையத்தைப் பொறுத்தவரை எண்ணெய் அளவு ரொம்பவும் முக்கியமான எண். விமானங்கள் நிற்கும் தளத்திலும் எரிபொருள் கிடங்கிலும் சிந்துவது மழைநீரோடு சேர்ந்துதான் வெளியே வரும். அதைப் பிரித்தெடுக்கும் தொட்டி எங்கே, எவ்வளவு பெரியது, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.9 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, 1.0-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது புதிய செய்தி இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைக் குறைப்பது என்பது இருக்கிறது. பெரியப்பா வயதுக்காரர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும். இது பாறையிலிருந்து கரைந்து வருவது. நாளைக்கு விமான நிலையம் வந்த பிறகு யாராவது போர் தண்ணீரைச் சோதித்து, பார்த்தீர்களா ஃபுளோரைடு வந்துவிட்டது என்று கூட்டத்தில் சொன்னால், எதிர்த்தரப்பு ஒரே நிமிஷத்தில் அதை உடைத்துவிடும். அதோடு நாம் சொல்லும் மற்ற நியாயமான புகாரும் போய்விடும். அதனால்தான் முன்கூட்டியே எண் வேண்டும் என்கிறேன். பாறையில் இருந்து வந்தது எது, பிறகு வந்தது எது என்று பிரித்துக் காட்ட அது ஒன்றுதான் வழி. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரின் கழிவு கலந்து வருவது அது. ஏற்கெனவே கெட்டுப்போன தண்ணீர் என்று ஒரு அறிக்கை எழுதிவிட்டுப் போவதற்கு அங்கே வசதியாக இருக்கும். எவ்வளவு கெட்டிருக்கிறது, எதனால் என்ற எண்கள் நம்மிடம் இருந்தால் அப்படி எழுத முடியாது.

நுரை என்றதும் இன்னொன்று. விமான எரிபொருள் தீயை அணைக்கப் பயன்படும் சிலவகை நுரைகளில் பிஎஃப்ஏஎஸ் (பெர்ஃபுளோரோ, பாலிஃபுளோரோ ஆல்கைல் பொருட்கள்) என்ற ரசாயனக் குடும்பம் இருக்கிறது. மண்ணில் எளிதில் சிதையாது, நிலத்தடி நீரில் வெகுதூரம் போகும். வெளிநாடுகளில் விமான நிலையங்களையும் விமானப் படைத் தளங்களையும் சுற்றி இருந்த கிணறுகள் இதனால் கெட்டிருக்கின்றன. பெயரில் ஃபுளோரின் இருந்தாலும் நம் ஊர் ஃபுளோரைடு வேறு, இது வேறு. எங்கள் ஆய்வுக்கூடத்தின் வழக்கமான பட்டியலில் இந்தச் சோதனை கிடையாது, யாராவது கேட்டால்தான் வெளியே அனுப்புவோம். பதினொரு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தீ விபத்து எப்போதாவது நடக்கும், ஆனால் தீயணைப்புப் பயிற்சி அடிக்கடி நடக்கும். பயிற்சித் தளம் எங்கே, அந்தத் தண்ணீர் எந்தத் தொட்டிக்குப் போகிறது, ஃபுளோரின் இல்லாத நுரையை வாங்குவீர்களா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட நுரை சந்தையில் இருக்கிறது, பல நாட்டு விமான நிலையங்கள் அதற்கு மாறிவிட்டன.

கழிவுநீர் பற்றி அறிக்கைகளில் பொதுவாக ஒரே பதில்தான் இருக்கும்: சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவோம், வெளியே ஒரு சொட்டும் விடமாட்டோம். வருஷத்துக்கு 3 கோடிப் பேர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 82,000 பேர். இரண்டு வாரம் தொடர்ந்து மழை பெய்யும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாம், அப்போது அது எங்கே போகும்? சேமிப்புத் தொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்த ஒரு கேள்விக்கு மேடையில் பதில் தடுமாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 82,000 பேருக்கு வேண்டிய நல்ல தண்ணீர் எந்த மூலத்திலிருந்து வரும் என்பதையும் கையோடு கேட்டுவிடலாம்.

ஏரியை எடுத்துக்கொண்டால் வேறு இடத்தில் குளம் வெட்டித் தருகிறோம் என்பார்கள். குளம் வெட்டுவது எளிது. அதற்குத் தண்ணீர் வரும் மேட்டு நிலம் எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். ஓடுபாதைக்கு அருகில் திறந்த நீர் இருந்தால் பறவைகள் வரும் என்று விமானப் பாதுகாப்புத் தரப்பே அதை விரும்பாது, அதனால் புதுக் குளம் தள்ளிப் போகும், உங்கள் ஆயக்கட்டுக்கு மேலே வராது. ஏரி என்றால் யாரும் தொட முடியாது என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் தப்பு. நீர்நிலைகள் உள்ளடங்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலங்களில் வரும் திட்டங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், அதையும் ஊராட்சியிலோ ஆட்சியர் அலுவலகத்திலோ போய்ப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லாவிட்டால் வடிகால் வரைபடத்தையும், மாதிரி எடுத்த இடங்களின் அட்டவணையையும், எடுத்த தேதிகளையும் பாருங்கள். தேதியைப் பார்த்தாலே எந்தக் கண்ணால் நம் ஊரைப் பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் ஆய்வுக்கூடத்தின் சார்பில் போன ஒரு கூட்டத்தில் வயதான விவசாயி ஒருவர் கால் மணி நேரம் பேசினார். எந்த ஓடை, எந்த மதகு, எந்த வருஷம் ஏரி உடைந்தது, எல்லாம் சொன்னார். அவ்வளவு துல்லியமான நீரியல் விவரத்தை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. நடவடிக்கைக் குறிப்பில் அது "ஏரி பாதிக்கப்படும் என்றார்; உரிய வடிகால் அமைக்கப்படும் எனத் திட்டக்காரர் தெரிவித்தார்" என்று சுருங்கிவிட்டது. அவர் காகிதத்தில் எதுவும் கொடுக்கவில்லை. பேசுங்கள், ஆனால் பேசுவதையே சர்வே எண்ணோடு, படத்தோடு, கிணற்று அளவோடு எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். எழுத்தில் வந்த ஆட்சேபத்துக்கு இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்தின் முடிவில் குறிப்பை அந்த ஊர் மொழியில் வாசிக்க வேண்டும் என்பது விதி, பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்குக்குப் போகாவிட்டாலும் அனுமதி ஆணையின் நிபந்தனைகளை ஊராட்சியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் திட்டக்காரர் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்று அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். அதில் உள்ள கிணற்று அளவுகளையும் உங்கள் நோட்டில் உள்ளவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊர்ப் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பையோ இறைச்சிக் கழிவோ திறந்த வெளியில் கொட்டக் கூடாது என்று விமான விதிகள் சொல்கின்றன. எங்கள் ஊராட்சிக் குப்பை இப்போது ஓடையோரம்தான் கிடக்கிறது. அதை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.

நேற்று அமாவாசை. கீழ்த்தெருக் கிணற்றில் தண்ணீர் கோட்டிலிருந்து 6 மீட்டர் 40-இல் நிற்கிறது, போன மாதத்தைவிட 80 சென்டிமீட்டர் ஏற்றம். மேல்கிணற்றில் ஏற்றம் வெறும் 10. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தப் பதிவேட்டில் இல்லாத ஓடை. ஞாயிற்றுக்கிழமை ஓடை நெடுக நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். கேமராவுக்கு சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.